தள்ளி உட்கார்ந்த கொலு

2005-ஆம் வருடம், நவராத்திரி நெருங்கிக்கொண்டிருந்த சமயம். செகந்திராபாத்தில் மாரெட்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு அபார்ட்மென்டில் குடியிருந்தோம். கல்யாணமாகித் திருநெல்வேலியை விட்டு வந்து, பத்து வருடம் குக்கர் விசில் எண்ணியே போன பிறகு எனக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது. அமெரிக்க டாக்டர்கள் முணுமுணுவென்று பேசிப் பதிவு செய்து அனுப்புவதை இங்கே நாங்கள் காதில் மாட்டிக் கேட்டு டைப் அடிக்க வேண்டும். ஊரே கம்ப்யூட்டர் கம்ப்யூட்டர் என்று பறந்துகொண்டிருந்த காலம் அது. அந்தக் காற்றில் நானும் ஒரு ஓரமாக ஒட்டிக்கொண்டு மேலே போய்விட்டேன்.

என் போட்டோ போட்ட அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு காலையில் கிளம்பும்போது எனக்கு இருந்த மிதப்பைச் சொன்னால் சிரிப்பீர்கள். அட்டை திரும்பிக்கொண்டு போட்டோ மறைந்துவிட்டால் லிஃப்டில் யாராவது ஏறுவதற்குள் அவசரமாகத் திருப்பி வைப்பேன். அவ்வளவு ஆசையாகப் போன வேலை.

அதற்கு வில்லனாக வந்தது ஒரு நடைமேம்பாலம். ஆபீஸ் பஸ் சாயங்காலம் என்னை மெயின் ரோட்டின் எதிர்ப்பக்கம் இறக்கிவிடும். இந்தப் பக்கம் வர இரண்டே வழி. ஒன்று, நடுவிலிருக்கும் தடுப்புச் சுவரைத் தாண்டிக் குதிப்பது. எங்கள் மூன்றாம் மாடி மாமா அப்படிக் குதித்து, ஆட்டோ மோதி, காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தார். இன்னொன்று, அந்த மேம்பாலம். அதில் ஒரு விளக்கு கிடையாது. மூத்திர நாற்றம், காலிப் பாட்டில், படுத்திருக்கும் நாய்கள், நாய்களுக்குப் பக்கத்தில் படுத்திருக்கும் மனிதர்கள். பகலிலேயே யாரும் ஏற மாட்டார்கள். நானும் மற்ற நாட்களில் பயந்து பயந்து சுவரைத்தான் தாண்டிக்கொண்டிருந்தேன்.

செப்டம்பரில் ஒரு நாள் சாயங்காலம் நல்ல மழை. ரோட்டில் முழங்கால் தண்ணீர். வேறு வழியில்லாமல் பாலத்தில் ஏறினேன். நடுவில் இரண்டு பேர் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் எழுந்து வந்து என் பையைப் பிடித்து இழுத்தான். அவனுக்கு மீசையில் ஒரு பக்கம் கறுப்பு, இன்னொரு பக்கம் வெள்ளை. பாதி மீசைக்குச் சாயம் பூசும்போது யாரோ கூப்பிட்டு எழுந்து வந்தவன் மாதிரி இருந்தான். பயத்திலும் எனக்கு அது கண்ணில் பட்டது பாருங்கள். மறு கையிலிருந்த சாப்பாட்டுக் கூடையால் அவன் தோளில் ஒன்று போட்டேன். மீந்திருந்த புளிக்குழம்பு அவன் சட்டையெல்லாம் வழிந்தது. அவன் பிடி தளர்ந்ததும் ஒரே ஓட்டம். வீட்டுக்கு வந்து பார்த்தால் பை இருந்தது, ஒரு கால் செருப்பைக் காணோம். கதவைச் சாத்திவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்து அழுதேன்.

என் கணவர் நாச்சாரத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். நல்ல மனிதர்தான். ஆனால் பயம் வந்தால் அதைக் கோபமாகத்தான் காட்டத் தெரியும்.

"ஒரு மண்ணும் வேண்டாம். தீபாவளியோட எழுதிக் குடுத்துட்டு வீட்டுல இரு. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா ஒங்க அப்பாவுக்கு யாரு பதில் சொல்லுதது?"

"பாலத்துல குடிக்கவன் வீட்டுல இருக்கட்டும். நான் எதுக்கு இருக்கணும்?" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனால் உள்ளுக்குள் உதறல்தான். மறுநாள் அட்டையை மாட்டும்போது, இன்னும் எத்தனை நாளைக்கோ என்று இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அபார்ட்மென்ட் சங்கத்தில் விஷயத்தைப் போட்டு உடைத்தேன். சங்கத்துச் செயலாளர் ஒரு மாமி. அரசுத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே தினம் எத்தனை சாமான்களைத் தள்ளுபடி செய்தாரோ தெரியாது, இங்கே தண்ணீர் லாரி, கீரைக்கட்டு, வாட்ச்மேன் போடும் சல்யூட் எல்லாவற்றையும் ஒரு முறை பார்த்துவிட்டு "ரிஜெக்ட்" என்பார். கூட்டத்தில் ஒருவர் மாநகராட்சிக்கு மனு கொடுக்கலாம் என்றார். ஒருவர் முள்கம்பி போடலாம் என்றார். எல்லாமே ரிஜெக்ட்.

எங்கள் எதிர் வீட்டு அக்கா நாகர்கோவில்காரர், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். அவர்தான் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். "ஆளு நடமாட்டம் உள்ள எடத்துல அவனுவ இருப்பானுவளா? ஆளில்லாத்ததுனால வாரானுவ. அவனுவ இருக்கதுனால நாம போவல்ல. பின்ன எப்பிடி சரியாவும்?"

மாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். தீர்ப்பு வரப்போகிறது என்று அர்த்தம்.

"அப்போ ஆளைக் கூட்டணும். அவ்வளவுதானே? கொலு வெச்சுடலாம்."

எல்லோரும் முழித்தோம். மாமி விளக்கினார். வருடா வருடம் சங்கத்து ஹாலில் பொதுக் கொலு வைப்போம். அந்த வருடம் ஹாலை ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி நிலையத்துக்கு வாடகைக்கு விட்டுவிட்டதால் கொலுவுக்கு இடமில்லை. அதோடு ஒவ்வொரு தடவையும் படி கட்டுவதுதான் பெரும் பாடு. டிரங்குப் பெட்டி, டைனிங் டேபிள், பழைய என்சைக்ளோபீடியா என்று அடுக்கி, நடுவில் ஒன்று சரிந்து, ஒரு தடவை நரசிம்மருக்கே நகம் உடைந்தது. "அங்கே பாருங்கோ, கான்கிரீட்லேயே படி கட்டி வெச்சிருக்கான். ஆடாது, அசையாது. சாயங்காலம் சுண்டல் உண்டுன்னா கூட்டம் வராம எங்கே போகும்?"

ஆஹா, என்ன மூளை என்று எனக்குப் புல்லரித்துவிட்டது. அத்தனை பேரும் கைதட்டினோம். படிக்கட்டைக் கண்டால் ஏறத் தோன்றுவது மற்றவர்களுக்கு. எங்களுக்குக் கொலு வைக்கத் தோன்றிவிட்டது. அதில் என்ன ஓட்டை என்று படித்த, பட்டம் வாங்கிய, ஆபீஸ் நடத்திய ஒருவருக்கும் அப்போது தோன்றவில்லை.

சிக்னலில் நிற்கும் கான்ஸ்டபிளிடம் மாமி தன் பழுத்த தெலுங்கில் அனுமதி கேட்டார். ரோட்டுக்கு வராமல் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்று அவர் தலையாட்டினார். எங்கள் பக்கத்துப் படிக்கட்டின் அடியில் ஒரு டீக்கடை. அந்தக் கடை பாய், விளக்குக்குத் தன் கடையிலிருந்து கரண்ட் எடுத்துக்கொள்ளச் சொன்னார். காசு தருகிறோம் என்றதற்கு, "நக்கோ அம்மா, லைட் வந்தா என் கடைக்கும் நல்லதுதான்," என்றார். பத்து வருடமாகத் தமிழ் வீடுகளுக்கு டீ கொடுத்து அவருக்கு எங்கள் தமிழ் வந்திருந்தது.

நவராத்திரி முதல் நாள் நான் லீவு போட்டேன். காலையிலேயே வாளியும் ஃபினாயிலுமாக இறங்கினோம். அடிப்படியிலிருந்து, படிகள் திரும்பும் இடத்திலிருக்கும் அகலமான மேடை வரைக்கும் கொலு என்று திட்டம். மாமி ஒவ்வொரு படியையும் குனிந்து மோந்து பார்த்து, இரண்டு படிகளை ரிஜெக்ட் செய்து மறுபடி கழுவச் சொன்னார். நாகர்கோவில் அக்கா ஒரு மூலையிலிருந்து ஒற்றைச் செருப்பைத் தூக்கிக் காட்டி, "இது ஒனக்கதா மக்களே?" என்றார். என்னுடையதுதான். அதன் ஜோடியை முந்தின நாள்தான் குப்பையில் போட்டிருந்தேன்.

பிறகு கணக்குச் சண்டை. கொலுப்படி ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் இரட்டைப்படை வந்தது. மேடையையும் ஒரு படியாகச் சேர்த்துக்கொள்ளலாமா கூடாதா என்று நடு ரோட்டோரம் அரை மணி நேரம் வாதம். கடைசியில் மாமி மேடை மேல் ஏறி நின்று, "கால் வெக்க இடம் இருக்கா? இருக்கு. அப்போ படிதான்," என்று முடித்துவைத்தார்.

பொம்மைகள் எல்லா வீட்டிலிருந்தும் வந்து குவிந்தன. தசாவதாரம், கல்யாண ஊர்வலம், செட்டியார் கடை, கிரிக்கெட் டீம். நாகர்கோவில் அக்கா தயங்கித் தயங்கி, "எனக்க கிட்ட ரெண்டு ஒட்டகம் கெடக்கு. கிறிஸ்மஸ் குடில்ல வைக்கது. ராஜாக்கமார வீட்டுல வச்சிட்டு ஒட்டகத்த மட்டும் தரட்டா?" என்றார். "கொண்டு வாடி. ஒட்டகத்துக்கு ஏது மதம்?" என்று மாமி அதை மயில்களுக்குப் பக்கத்தில் வைத்தார். மேடைக்குக் கீழே, உச்சிப் படியில் பள்ளிகொண்ட பெருமாள். மாமி வீட்டுப் பரம்பரைப் பொம்மை, மண்ணில் செய்தது, ஒரு ஆள் நீளம் இல்லாவிட்டாலும் முக்கால் ஆள் நீளம். தூக்க இரண்டு பேர் வேண்டும். இந்தக் கைப்பிடியிலிருந்து அந்தக் கைப்பிடி வரை ஒரு விரற்கடை இடம் விடாமல் அடுக்கி, வெள்ளை வேட்டி விரித்து, கலசம் வைத்து, சீரியல் லைட் போட்டதும் மாமி ரோட்டில் இறங்கி நின்று பார்த்தார். "பாஸ்," என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் விளக்குப் போட்டதும் கூட்டமான கூட்டம். பஸ்ஸுக்கு நின்றவர்கள், காய்கறி வாங்க வந்தவர்கள், வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்தவர்கள். பெண்கள் பாடினோம். நான் கொண்டைக்கடலைச் சுண்டலை இலைத் தொன்னையில் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கான்ஸ்டபிள் சிக்னலை விட்டுவிட்டு இரண்டாவது தொன்னையில் இருந்தார். மாமி ஆரத்தித் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு பெருமாளைப் பார்த்துக் கண்ணை மூடினார்.

அப்போது பெருமாள் பேசினார்.

"ஏட்டி, எறங்க வழி எங்க இருக்கு?"

மாமி தட்டோடு அப்படியே உறைந்துவிட்டார். எனக்கு மட்டும் தூக்கிவாரிப் போட்டது, ஏனென்றால் பெருமாள் அசல் என் வீட்டுக்காரர் குரலில், அதே திருநெல்வேலித் தமிழில் பேசினார். அண்ணாந்து பார்த்தேன். பெருமாளுக்குப் பின்னால், மேடையில், ஆபீஸ் பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி என் கணவர். அவருக்குப் பக்கத்தில், பின்னால், பாலம் நெடுக, தலை தலையாக ஜனம்.

என்ன நடந்தது என்றால், எதிர்ப்பக்கம் பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் இத்தனை வருடமாக இருட்டாகக் கிடந்த பாலத்தில் வெளிச்சத்தைப் பார்த்திருக்கிறார்கள். பாட்டுச் சத்தம் கேட்டிருக்கிறது. சரி, இன்றைக்கு மேலே போய்த்தான் பார்ப்போமே என்று அந்தப் பக்கப் படியில் ஏறிவிட்டார்கள். பாதிப் பேர் பயபக்தியோடு செருப்பை அங்கேயே கழற்றிப் போட்டுவிட்டு வந்திருந்தார்கள். பாலத்தைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கலாம் என்று வந்தால், சாமிகளின் முதுகு.

எனக்குச் சுருக்கென்றது. பாலத்தை ஜனங்கள் உபயோகிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனையும் செய்தோம். ஆனால் உண்மையிலேயே யாராவது அதில் வருவார்கள் என்று எங்களில் ஒருவர்கூட நம்பவில்லை. நம்பியிருந்தால் இறங்க வழி விட்டிருப்போமே. நாளைக்கு ஆபீஸ் விட்டு நானே அந்தப் பக்கத்திலிருந்துதானே வந்தாக வேண்டும்? அதுகூட எனக்குத் தோன்றவில்லை.

"வந்த வழியே போங்கோ," என்று மாமி கத்தினார். போக முடியாது. பின்னால் வெளிச்சத்தைப் பார்த்து இன்னும் ஏறிக்கொண்டே இருந்தார்கள். ஒரு குழந்தை வீரிட்டது. கான்ஸ்டபிள் தொன்னையை வீசிவிட்டு ஓடி வந்தார்.

"ஏமண்டி இதி? தேவுள்ளந்தா தாரிலோ கூச்சுன்னாரு," என்றார். சாமிகள் எல்லாம் வழியை மறித்து உட்கார்ந்துவிட்டார்களே என்று அவருக்கு நடுக்கம். யாராவது விழுந்து அடிபட்டால் வேலை போய்விடும், உடனே பொம்மைகளை எடுங்கள், கூட்டம் இறங்கியதும் பாலத்தை இரண்டு பக்கமும் பூட்டிவிடப்போகிறேன் என்று தெலுங்கில் பொரிந்து தள்ளினார். பாலத்தைப் பூட்டினால் என் வேலைக்கும் சேர்த்துத்தான் பூட்டு. மேலே நிற்கிற என் வீட்டுக்காரர் தீபாவளி வரைகூடக் காத்திருக்க மாட்டார்.

மாமியோ அசையவில்லை. "கலசம் வெச்சாச்சு. விஜயதசமி வரைக்கும் வெச்ச கொலுவைக் கலைக்கப்படாது. அதெல்லாம் முடியாது," என்றார்.

எனக்கு எங்கிருந்து அந்த யோசனை வந்தது என்று கேட்டால், தினம் சிட்டி பஸ்ஸிலும் ஆபீஸ் பஸ்ஸிலும் இடிபட்டு வந்ததுதான் காரணம். இரண்டு பேர் சீட்டில் மூன்றாவது ஆள் உட்கார வேண்டுமென்றால் யாரையும் எழுப்பமாட்டோம்.

"மாமி, கலைக்க வேண்டாம். யாரும் படி மாற வேண்டாம். அவங்கவங்க படியிலேயே கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லுவோம். பாதிப் படி சாமிக்கு, பாதிப் படி ஆளுக்கு."

மாமி என்னைப் பார்த்தார். கொலுவைப் பார்த்தார். மேலே நின்ற ஜனத்தைப் பார்த்தார். ரிஜெக்ட் என்று சொல்லப்போகிறார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பில் கையை ஊன்றி, தொழிற்சாலையில் ஷிஃப்ட் ஆட்களை அதட்டிய அதே குரலில் தெய்வங்களைப் பார்த்து உத்தரவு போட்டார்.

"எல்லாரும் இடது பக்கம் கொஞ்சம் தள்ளி உக்காருங்கோ."

மேலே நின்றிருந்த அத்தனை பேரும் தங்களைத்தான் சொல்கிறார் என்று நினைத்து இடது பக்கம் தள்ளினார்கள். அவர்களுக்கு இடது, எங்களுக்கு வலது. எந்தப் பக்கம் வழி வேண்டுமோ சரியாக அந்தப் பக்கத்தில் போய் அடைத்துக்கொண்டு நின்றார்கள். "உங்களை இல்லை, ஸ்வாமிகளைச் சொன்னேன். நீங்க அந்தண்டை போங்கோ," என்று மாமி மறுபடி அதட்டினார். டீக்கடை பாய் அதையே உருதுவிலும் தெலுங்கிலும் உரக்கச் சொன்னார். அதற்குப் பிறகுதான் ஜனம் விலகியது.

கீழ்ப்படிகளை நாங்கள் நகர்த்தினோம். மேல்படிகளை மேலே நின்றவர்கள் குனிந்து நகர்த்தினார்கள். கிரிக்கெட் டீம் தசாவதாரத்தோடு நெருங்கி உட்கார்ந்தது. செட்டியார் கடை ஒட்டகத்தின் காலடிக்கு வந்தது. எல்லாம் சரியாகத்தான் போனது, உச்சிப் படிக்கு வரும்வரை. பள்ளிகொண்டவர் படி முழுக்க நீட்டிப் படுத்திருந்தார். அவரைத் தள்ளிப் படுக்கச் சொல்ல இடமில்லை, காலை மடக்கச் சொல்லவும் முடியாது.

"அவரை மேடையோட மூலைக்குக் கொண்டு போய் வைக்கலாம். மேலேதானே போறார், இது பதவி உயர்வு. தோஷம் இல்லை," என்றார் மாமி.

என் கணவர் பையைக் கீழே வைத்துவிட்டுத் தலைப்பக்கம் பிடித்தார். கால்பக்கம் பிடிக்க, அவருக்குப் பக்கத்தில் நின்றவன் குனிந்தான். சீரியல் லைட் அவன் முகத்தில் அடித்தது. ஒரு பக்கம் கறுப்பு மீசை. இன்னொரு பக்கம் வெள்ளை.

வழக்கம்போலப் பாலத்தின் நடுவில் குடிக்க உட்கார்ந்தவனை, பின்னாலிருந்து வந்த கூட்டம் அப்படியே தள்ளிக்கொண்டு வந்து முன்வரிசையில் நிறுத்திவிட்டிருக்கிறது. அன்றைக்கு வந்த அழுகையெல்லாம் இப்போது கோபமாகத் திரண்டு வந்தது. சுண்டல் கரண்டியை ஓங்கிக்கொண்டு, "வீடே, வீடே. அன்னைக்கு என் பையைப் பிடிச்சு இழுத்தவன் இவன்தான்," என்று கான்ஸ்டபிளைப் பார்த்துத் தெலுங்கிலும் தமிழிலுமாகக் கத்தினேன்.

அவனும் என்னைப் பார்த்துவிட்டான். கரண்டியையும் பார்த்தான். புளிக்குழம்பு ஞாபகம் வந்திருக்க வேண்டும், முகம் வெளுத்துப்போனது. ஆனால் எங்கே ஓடுவான்? முன்னால் சாமிகள், பின்னால் ஜனம், இரண்டு கையிலும் பெருமாளின் பாதம். போட்டுவிட்டு ஓட அவனுக்கே மனசு வரவில்லை போலிருக்கிறது. கை வெடவெடவென்று ஆடியது. கூட்டத்தின் சத்தத்தில், கீழே நான் கத்தியது என் கணவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்த ஆள் பக்தியில் நடுங்குகிறான் என்று நினைத்துவிட்டார். "பதறாதீங்கண்ணே, நான் புடிச்சுக்கிடுதேன்," என்று ஒரு கையால் பெருமாளையும் இன்னொரு கையால் அவன் மணிக்கட்டையும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

புதிதாகத் திறந்த பாதிப் படியில் முதன்முதலில் ஏறியது அந்தக் கான்ஸ்டபிள்தான். அவர் மேலே போய் மீசைக்காரனின் சட்டைக் காலரைப் பிடித்தபோது மாமி கீழேயிருந்து, "இருங்கோ, இருங்கோ. பெருமாளை வெச்சுட்டுப் போகச் சொல்லுங்கோ," என்றார். மீசைக்காரன், கான்ஸ்டபிள், என் கணவர் மூவருமாகச் சேர்ந்து பெருமாளை மூலையில் பத்திரமாக இறக்கினார்கள். மாமி ஏறிப் போய்ப் பெருமாளைத் தடவித் தடவிப் பார்த்து, ஒரு கீறல்கூட இல்லை என்று தெரிந்த பிறகே மீசைக்காரனைக் கொண்டு போக அனுமதி கொடுத்தார். பூட்டுப் பேச்சைக் கான்ஸ்டபிள் அதற்குப் பிறகு எடுக்கவில்லை. கையில் ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அவருக்கு அது மறந்தேபோய்விட்டது.

ஜனம் ஒவ்வொருவராக இறங்கினார்கள். செருப்பை எதிர்ப்பக்கம் விட்டவர்கள் சுண்டலை வாங்கிக்கொண்டு மறுபடி ஏறிப் போனார்கள். மூலையிலிருந்த பெருமாள் பாலத்தைப் பார்த்தபடி படுத்திருந்ததால், அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கும் இப்போது முகம் தெரிந்தது. என் கணவர் கடைசியாக இறங்கி வந்து, "யாரு அந்த ஆளு? நல்ல பக்தியுள்ள மனுசன். அவரை எதுக்குப் போலீஸ் கூட்டிட்டுப் போகுது?" என்று கேட்டார். சொன்னேன். அவர் தன் கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

மறுநாள் காலை நாச்சாரம் தொழிற்சாலை முழுக்க, பாலத்துத் திருடனைத் தனி ஆளாகக் கோழி அமுக்குவதுபோல் அமுக்கிப் பிடித்தது யார் என்று பேச்சு. வாரக் கடைசிக்குள் அந்தக் கதையில் கத்தி ஒன்றும் சேர்ந்துவிட்டது. நான் மறுக்கவில்லை. பாலத்தைப் பயமில்லாமல் ஆக்கியவனே தான்தான் என்று ஊரெல்லாம் சொன்ன மனிதர், பாலம் பயமாக இருக்கிறது, வேலையை விடு என்று வீட்டில் வந்து எப்படிச் சொல்ல முடியும்? தீபாவளி வந்தது, புதுச் சேலை வந்தது, எழுதிக் கொடுக்கிற பேச்சு மட்டும் வரவில்லை.

கொலுவின் இரண்டாம் நாள் சாயங்காலம் ஆபீஸ் பஸ்ஸிலிருந்து இறங்கி எதிர்ப்பக்கப் படியில் நான் தனியாக ஏறியதைச் சொல்ல வேண்டும். முதல் படியில் கால் வைத்தபோது சாப்பாட்டுக் கூடையை ஆயுதம்போல் இறுகப் பிடித்துக்கொண்டேன். மேலே போனால் காலேஜ் பெண்கள் நாலு பேர் எனக்கு முன்னால் சளசளவென்று பேசிக்கொண்டு போகிறார்கள். தூரத்தில் வெளிச்சத்தில் பெருமாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. யாரும் பார்க்காமல் முந்தானையில் துடைத்துக்கொண்டு, அடையாள அட்டையைத் திருப்பிப் போட்டோ தெரியும்படி வைத்துக்கொண்டு இறங்கினேன். அந்த வருடம் ரம்ஜான் நோன்பும் அதையொட்டியே வந்தது. டீக்கடை பாய் பேரீச்சம்பழத்தால் நோன்பு திறந்ததும் அடுத்து எங்கள் சுண்டலைத்தான் சாப்பிட்டார். உப்பு கம்மி என்று மாமியிடமே சொன்ன ஒரே ஆள் அவர்.

விஜயதசமி முடிந்து பொம்மைகளை எடுத்த மறுநாள்தான் வேடிக்கை. இடது பாதி காலியாகக் கிடக்கிறது, ஆனால் ஒருவரும் அதில் கால் வைக்கவில்லை. எல்லோரும் வலது பாதியிலேயே ஒதுங்கி ஏறி இறங்கினார்கள். இரண்டு நாள் பார்த்துவிட்டுப் பூக்காரம்மா கூடையோடு இடது பாதியில் வந்து உட்கார்ந்தார். பிறகு வளையல்காரர். பிறகு பஸ் வரும்வரை கதை பேச, முட்டிவலிக்காரர்கள். டிசம்பரில் நாகர்கோவில் அக்கா ராஜாக்களை ஒட்டகத்தோடு சேர்த்து வைத்து அங்கேயே குடில் போட்டார். பாய் சீரியல் லைட்டை அவிழ்க்கவே இல்லை. அந்தப் படி இருட்டாகவே இல்லை, எந்நேரமும் யாராவது ஒருவர் இருந்துகொண்டே இருந்தார்.

சில வருடம் கழித்து ரோட்டை அகலப்படுத்தும்போது பாலத்தை எடுத்துவிட்டார்கள். நான் டைப் அடிக்கச் சேர்ந்த ஆபீஸிலேயே பிறகு பத்துப் பதினைந்து பெண்களுக்கு மேலதிகாரியாக உட்கார்ந்தேன். பயந்துகொண்டு வேலையை விடப்போகிறேன் என்று எவளாவது வந்து நின்றால், எந்த பஸ் ஸ்டாப், எந்த வழி என்று முதலில் விசாரிப்பேன். இன்றைக்கும் எந்த ஊரில் எந்தப் படிக்கட்டில் ஏறினாலும் என் கால் தானாக வலது ஓரம் ஒதுங்குகிறது. மற்றப் பாதியில் யாராவது வந்து உட்கார்ந்தால்தான் நாம் பயமில்லாமல் வீடு போய்ச் சேர முடியும் என்று அந்தக் காலுக்கு ஒரு தடவை புரிந்துவிட்டது.